பாமா பதினோரு முறை கேட்ட சொல்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் முதல் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, பாமா பத்தொன்பது வருஷமாக மற்றவர்களின் உடம்பைப் பற்றி ஆங்கிலத்தில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். சந்தேகம் டாக்டர்களுடையது. அவர்கள் படத்தைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வார்கள். இவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதை ரிப்போர்ட்டாக அடிப்பாள்.

சேர்ந்த புதிதில், பயிற்சி கொடுக்க வந்தவர், எந்தச் சொல்லில் எவ்வளவு நிச்சயம் என்று ஏணி மாதிரி வரைந்த ஒரு தாளைக் கொடுத்தார். உச்சிப் படியில் 'டெஃபனிட்லி'. அதற்குக் கீழே 'ப்ராபப்ளி', 'லைக்லி'. நடுவில் 'மே'. இன்னும் கீழே 'மைட்'. அடிப்படியில் 'அன்லைக்லி'. கன்னட மீடியத்தில் படித்த பாமாவுக்கு அந்தத் தாள்தான் ஆங்கில இலக்கணம் மொத்தமும். டாக்டர்கள் ஒவ்வொரு சொல்லையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறார்கள் என்று நம்பினாள். தாளுக்கு லேமினேஷன் கூடப் போட்டு வைத்திருந்தாள்.

இப்போது கம்ப்யூட்டரே கேட்டு அடித்துவிடுகிறது. இருந்தும் பாமாவை வேலையில் வைத்திருந்ததற்குக் காரணம் ஒரே ஒரு 'அன்'. 'அன்லைக்லி'யின் அந்த முதல் அசை கம்ப்யூட்டர் காதில் பல நேரம் விழாது. புற்றுநோயாக இருக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னதை, வாய்ப்புண்டு என்று மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போய்விடும். அதைப் பிடிப்பதுதான் பாமாவின் உத்தியோகம்.

வேலை வீட்டுக்கும் கூடவே வந்தது. காப்பிப்பொடி இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கலாம்" என்பாள். நாத்தனார் தன் பெண்ணுக்குப் பார்த்த வரனைப் பற்றி விசாரித்தபோது, "நல்லவனா இருக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி" என்று உண்மையைச் சொன்னாள். வரன் தட்டிப்போனது. நாத்தனார் ஏழு மாதம் இவளோடு பேசவில்லை.

அவள் கணவர் சேஷகிரி, மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இதற்கு நேர் எதிர். அவருக்கு 'கண்டிப்பா' இல்லாமல் வாக்கியம் முடியாது. "இன்னிக்கு மழை வராது, கண்டிப்பா வராது" என்று குடையில்லாமல் கிளம்புவார். எட்டாவது கிராஸ் தெரு திரும்புவதற்குள் தொப்பலாக நனைந்து வருவார். ஆனால் தெருவில் எல்லோரும் யோசனை கேட்டது அவரிடம்தான்.

போன ஆடியில், தாலிச் சங்கிலியைச் சரிசெய்யும்போது பாமாவின் விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, கழுத்தில். பட்டாணி அளவு. தான் வேலை பார்க்கும் இடத்திலேயே ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். எடுத்தவர் டாக்டர் கேரல், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து முப்பது வருஷமாகத் தானே கார் ஓட்டி வருபவர். ஜெல்லைத் துடைக்கக் காகிதம் கொடுத்து, "போய் வேலையைப் பாரு. ரிப்போர்ட் வரும்" என்றார்.

ரிப்போர்ட் மறுநாள் காலை பாமாவின் வரிசையிலேயே ஒன்பதாவதாக வந்து நின்றது. பெயர், வயது ஐம்பத்திரண்டு, கழுத்து. விதிப்படி பக்கத்து மேஜை ரக்ஷிதாவிடம் தள்ளியிருக்க வேண்டும். பாமா திறந்தாள்.

தைராய்டின் வலப்பக்கத்தில் கட்டி, அளவு இத்தனை, ஓரம் இப்படி. முடிவுப் பகுதியில், புற்றுநோய் 'லைக்லி' என்று கம்ப்யூட்டர் அடித்திருந்தது.

குரலைக் கேட்டாள். அந்த இடத்தில் டாக்டரின் நாற்காலி கிறீச்சிட்டது. 'அன்' இருந்தது. மறுபடி கேட்டாள், இல்லை. பத்தொன்பது வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் அந்த அசையைப் பிடித்துக் கொடுத்த காது, தன் முறை வந்ததும் கைவிட்டது. பதினோரு முறை கேட்ட பிறகு ஹெட்போனை ரக்ஷிதாவிடம் நீட்டினாள்.

"அன்லைக்லி, மேடம்" என்றாள் ரக்ஷிதா, ஒரே தடவையில். "சந்தேகமே இல்ல. பேர் யாருது? அய்யோ!"

பாமா லேமினேஷன் தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். டாக்டர் கேரல் டிஃபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், என் ரிப்போர்ட்ல 'அன்லைக்லி'தானே சொன்னேள்?"

"ஆமா. நீயா அடிச்ச அதை?"

"அன்லைக்லின்னா நூத்துக்கு எவ்வளவு? அஞ்சா, இருபதா?"

டாக்டர் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, மேலிருந்து கீழே படித்தார். "யாரு கொடுத்தா இதை? நான் பார்த்ததே இல்லையே."

"டிரெய்னிங்ல."

"பாமா, வாய்க்கு வர்றதைச் சொல்றேன்மா. ஒரு நாள் 'அன்லைக்லி' வரும், ஒரு நாள் 'ப்ராபப்ளி நாட்' வரும். கட்டி ஒண்ணுதான்."

'மே'யா 'மைட்'டா என்று காதில் விழாமல், அரை மணி நேரம் ஒரே வரியில் நின்ற நாட்கள் பாமாவுக்கு எத்தனையோ உண்டு.

"ஊசிப் பரிசோதனை 'மே பி கன்சிடர்ட்'னு போட்டிருக்கே. பண்ணணுமா, வேண்டாமா?"

"பண்ணிடு. இந்த வாரமே."

"அப்போ 'மஸ்ட்'னு போட்டிருக்கலாமே!"

"'மஸ்ட்' போட்டிருந்தா நீ இந்நேரம் மாடியில மயங்கி விழுந்திருப்ப" என்றார் டாக்டர். "இட்லி சாப்பிடறியா?"

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். சேஷகிரி டிவியை அணைத்தார். அவருக்குத் தைராய்டு கழுத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது.

"ஒண்ணும் இருக்காது பாமா. கண்டிப்பா ஒண்ணும் இருக்காது."

முப்பது வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டுப் பல்லைக் கடித்தவள், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, இன்னொரு தரம் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். பாமா அதைத் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ஊசி போட்டார்கள். அடுத்த செவ்வாய் முடிவு வந்தது: சாதாரணக் கட்டிக்கு 'ஒத்துப்போகிறது'. சாதாரணக் கட்டிதான் என்று நேரடியாகச் சொல்ல அங்கேயும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார் டாக்டர் கேரல். சேஷகிரி நெய்யில் செய்த மைசூர்பாகு வாங்கி வந்து, முடிவைத் தானே கண்டுபிடித்த மாதிரி பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தார்.

புதன்கிழமை பாமா வேலைக்குப் போனாள். நாற்பத்தொரு ஃபைல் சேர்ந்திருந்தது. முதலாவது யாரோ ஒருவரின் முழங்கால். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.