மழை விழும் கழிப்பறை

"பாத்ரூம் போனீங்களா?"

விமானத்திலிருந்து இறங்கி வரும் சொந்தக்காரர்களிடம் ஆர்க்கிடெக்ட் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பயணம் எப்படி, சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் பிறகு. விவரம் தெரியாதவர்கள் நெளிவார்கள். தெரிந்தவர்கள், "போனோம், போனோம், பிரமாதம்!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

கண்ணாடிக் கூரையிலிருந்து அருவி கொட்ட, அதன் கீழே ஒரு மழைக்காடே வளர்ந்து நிற்கும் விமான நிலையம் அது. அதை வடிவமைத்த குழுவில் இவரும் ஒருவர். கூரை ஒருவருக்குப் போனது, அருவி இன்னொருவருக்கு. மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் பாலத்துக்கு அடிதடியே நடந்தது. இவர் வாய் திறப்பதற்குள் கழிப்பறைகள் இவர் தலையில் விழுந்துவிட்டன. "மாப்ள, எல்லாரும் காட்டை நின்னு பாக்குறாங்க. உங்களுதைத்தான் ஓடி ஓடித் தேடுறாங்க," என்பார் மனைவியின் அண்ணன். சேர்ந்து சிரிப்பார் இவர். காது மட்டும் சிவந்துவிடும்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு அளவு நாடா இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவப் போனால் லேசில் திரும்ப மாட்டார். "பயப்படாதீங்க, உள்ள அளந்துக்கிட்டு இருப்பாரு," என்று மனைவிதான் சமாளிப்பாள்.

ஆனால் பெண்கள் கழிப்பறை விஷயத்தில் அவர் விளையாடவில்லை. அதன் ஒரு பக்கச் சுவரையே எடுத்துவிட்டு, அங்கே காட்டில் ஒரு துண்டை உள்ளே விட்டிருந்தார். பாசி பிடித்த கற்கள், பெரணிச் செடிகள், மேலே வானம் பார்த்த திறப்பு, எதிரே ஒரு மரப் பெஞ்சு.

"கழிப்பறையில பெஞ்சு போட்டா யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"ஏர்போர்ட்ல நெறைய பேர் அழுறாங்க சார். கதவைச் சாத்திக்கிட்டு, தண்ணியத் திறந்துவிட்டுட்டு அழுறாங்க. அதுக்கு ஒரு எடம் வேணாமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பளிங்குத் தரையை விட்டுக்கொடுத்துத்தான் பெஞ்சைக் காப்பாற்றினார். ஆண்கள் பக்கமும் ஒன்று கேட்டிருந்தார். "அவங்க எங்க அழப்போறாங்க?" என்று வரைபடத்திலேயே அடித்துவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்குப் பிறகு அவர் அங்கே கால் வைக்க முடியாதே! அதனால்தான் அந்தக் கேள்வி. பதிலாக வருவதோ ஒரு "நல்லா இருந்துச்சு". பெஞ்சில் யாராவது உட்கார்கிறார்களா என்று மனைவியைப் போய்ப் பார்க்கச் சொல்வார். "எனக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்பாள் அவள்.

போன மாதம் மகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் மனைவி ஓயவில்லை. மருந்து எந்தப் பையில், சாவி எந்தப் பையில், போய் இறங்கியதும் யாருக்கு முதலில் போன். மகள் கையசைத்துத் தடுப்புக்கு அப்பால் மறைந்ததும் அந்தப் பேச்சு சட்டென்று நின்றது.

"இதப் பிடிங்க, வர்றேன்." கைப்பையை அவரிடம் தந்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள்.

வெளியே நல்ல மழை. அவர் கைப்பையோடு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். உள்ளிருந்து வரும் பெண்களிடம் எப்படி விசாரிப்பது? மகள் மறைந்த தடுப்பைத் திரும்பிப் பார்த்தார். தனக்கென்று போக இடமில்லாமல், பக்கத்து மரத்தின் பெயர்ப்பலகையைப் படிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

அவள் வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கண்கள் மட்டும் கோவைப்பழமாக.

"உங்க பெஞ்சுலதான் இருந்தேன்," என்றாள். "பக்கத்துல யாரோ ஒரு பொண்ணு, அதுவும் அழுதுச்சு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. நல்ல எடங்க."

இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை. அவள் முன்னால் நடக்கத் தொடங்கியபோதுதான் பார்த்தார். வெளிர்மஞ்சள் சேலையின் பின்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. கூரைத் திறப்பை ஒரு சாண் கூடுதல் அகலமாக விட்டுவிட்டோம் போலிருக்கிறது. சாரல் பெஞ்சு வரை வருகிறது. அவளுக்கு அந்த ஈரம் உறைக்கவே இல்லை.

எட்டி நடந்து அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டார்.

"என்னங்க, காலை மிதிக்கிறீங்க?"

"சும்மாதான். நீ நட."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதிரே வந்தவர்களின் சிரிப்பைச் சட்டை செய்யாமல், அவள் வலப்பக்கம் திரும்பினால் தானும் திரும்பி, நின்றால் தானும் நின்று, கார் நிற்கும் இடம் வரை அவளை மறைத்தபடியே வந்தார்.