கிணற்றுமேட்டுப் பேச்சுவார்த்தை

ஊராட்சித் தலைவி ஆன புதிதில் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் ஒவ்வொருவரையும் எழுப்பி, தலைமைப் பண்பை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பெரிய தலைவர்களைச் சொன்னார்கள். என் முறை வந்ததும், "எங்கப்பாவும் பெரியப்பாவும் பேச்சு வார்த்தை இல்லாம இருந்தாங்க, அப்பத்தானுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். விளக்கிச் சொல்ல அங்கே நேரம் இல்லை, இங்கே சொல்கிறேன்.

கொடுமுடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அண்ணன் தம்பிக்குள் பூமி பாகமாகிவிட்டது, கிணறும் மோட்டாரும் மட்டும் பொது. பெரியப்பா கிடாய் வெட்டி விருந்து வைத்தபோது, அடுத்த வீடுதானே என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கம் விருந்துக்கு நேரில் வந்து அழைக்க வேண்டும். சொந்தத் தம்பியை ஆள் விட்டு அழைத்தால் அது அழைப்பு இல்லை, அவமானம். அப்பா போகவில்லை. தூக்குப்போசியில் வந்த கறியைத் தொடவும் இல்லை. அம்மாவும் நானும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் தண்ணீர் முறை பேசியாக வேண்டுமே. கிணற்றுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, இந்தப் பக்கம் அப்பா, நடுவில் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான்.

"உங்கொப்பனுக்குக் கண்ணு தெரியலயான்னு கேளு அம்மணி. மடையை அடைக்காம போனதுல என்ற வரப்பே கரைஞ்சு போச்சு" என்பார் பெரியப்பா. நான் திரும்பி, "வரப்பு கரையுதுங்களாம், கொஞ்சம் பாத்துக்கச் சொல்றாருங்கப்பா" என்பேன். அவர் சொன்னது அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு நான் சொன்னதற்குத்தான் பதில் சொல்வார், பெரியப்பா சொன்னதற்கு அல்ல. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு வீட்டிலும் முறுக்கு கிடைத்தது.

மழை பொய்த்த ஒரு வருஷம் மோட்டாருக்குள் இருந்த கம்பிச்சுருள், அதுதான் காயில், புகைந்துபோனது. இரண்டு பேர் தோட்டத்திலும் மஞ்சள் நின்றிருந்தது. மோட்டாரைக் கழட்டி மேலே ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் மட்டும் கழட்டினால் மற்றவர், என்னைக் கேட்காமல் எப்படித் தொட்டாய் என்பார். அதனால் இருவரும் தொடவில்லை. "அவரு வந்து கூப்பிடட்டும், வாரேன்" என்றார் அப்பா. "அவன் வரட்டும்" என்றார் பெரியப்பா. மஞ்சள் இலை சுருண்டு ஓரம் காய ஆரம்பித்தது. அம்மா அடுப்படியில் அழுததைப் பார்த்தேன். முறுக்கு ஆசை அன்றோடு போய்விட்டது, பயம்தான் மிஞ்சியது.

யாராவது நேரில் போய் அழைத்தால் தீர்ந்தது, அவ்வளவுதானே என்று எனக்குத் தோன்றியது. பாவாடை மாற்றி, தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "நாளைக்குக் காலைல மோட்டார் கழட்டறமுங்க பெரியப்பா. அவசியம் வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குங்குமம் எடுத்தார். அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்து, அதே தட்டை நீட்டி அப்பாவையும் முறைப்படி அழைத்தேன். அவரால் மறுக்க முடியவில்லை. அழைப்பு அழைப்புத்தான், யார் தட்டு நீட்டினால் என்ன.

எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்தால், பெரியம்மா கோபித்துக்கொண்டாராம். "ஊட்டுல பொம்பளைன்னு ஒருத்தி இருக்கறது அவளுக்குக் கண்ணுல படலயா? என்னைய ஒரு வார்த்தை கூப்பிடலயே. அப்ப இவரு மட்டும் எப்படிப் போவாரு?" மறுபடி தட்டு, மறுபடி வெற்றிலை. இந்த முறை பெரியம்மாவுக்கு முதல் குங்குமம். இன்றுவரை கிராம சபைக்கு அழைக்கப் போனால் வீட்டில் கைக்குழந்தையைத் தவிர யாரையும் விடுவதில்லை.

காலையில் இருவரும் வந்தார்கள். மெக்கானிக் கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கயிற்றில் கட்டினார், மேலே அண்ணனும் தம்பியும் இழுத்தார்கள். நான் வழக்கம்போல் நடுவில் நின்றேன். பாதி ஏறியதும் மோட்டார் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. "கயித்தைக் கொஞ்சம் எளக்கி உடச் சொல்லு அம்மணி" என்றார் பெரியப்பா. நான் அதை நல்ல வார்த்தையாக்கித் திரும்புவதற்குள் கயிறு வழுக்கி, மோட்டார் ஒரு முழம் இறங்கியது. கீழே இருந்த மெக்கானிக் கத்தினார்.

"தம்பி, புடிச்சுக்கடா" என்றார் பெரியப்பா.

"புடிச்சுட்டனுங்கண்ணா, நீங்க மெதுவா இழுங்க" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, இனி என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பமாட்டார்கள் என்ற வருத்தம் பாதி. மோட்டார் மேலே வந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. மஞ்சள், உரம், டவுனில் யார் நன்றாகக் காயில் கட்டுவார்கள் என்று எனக்கு இரு பக்கமும் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. நான் முகம் துடைத்துக்கொண்டு, சொல்ல ஏதாவது மிச்சமிருக்குமா என்று காத்து நின்றேன்.

அப்பா என்னைப் பார்த்து, "ஏன் கண்ணு குறுக்கால நிக்கற? அண்ணன் மொகம் தெரிய மாட்டேங்குது, அக்கட்டால போ" என்றார்.