நாங்கள் பார்க்காத கடைசிக் காட்சி

இன்று கோலாலம்பூரில் ஒரு நகைச்சுவை நாடகம் பார்த்தோம். முழுதாக இல்லை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து போட்ட எமர்ஜென்சி நேரம். கோலா சாவா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எந்த நாடகமானாலும் கடைசிக் காட்சிக்கு முன்பே லாரி ஏறிவிட வேண்டும்.

இன்று மேடையில் ஒரே பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் மாலையோடு வந்து நின்றார்கள். கொட்டகையே சிரித்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் எழுந்து, "போதும், கெளம்புங்க" என்றார்.

வழியெல்லாம் சண்டை.

"பணக்காரன்தான் தாலி கட்டியிருப்பான் லா" என்றார் மண்டோர்.

"அந்தப் பொண்ணு ரெண்டு பேரையும் தொரத்தியிருக்கும்" என்றாள் என் மனைவி.

ஏழுக்குச் சற்று முன்பு வந்து சேர்ந்தோம். கேட்டில் காவல் நிற்கும் மாரிமுத்து அண்ணன் பூட்டும் கையுமாக நின்றார். அந்த வேலைக்கு வந்த பிறகு அவர் நாடகம் பார்த்ததே இல்லை.

"கதைய சொல்லிட்டுப் போங்கப்பா."

மண்டோர் இரண்டு மாப்பிள்ளைகளாகவும் என் மனைவி பெண்ணாகவும் லாரி வெளிச்சத்தில் நடித்தார்கள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஜீப்பில் வந்திருந்தால் எல்லோருக்கும் வம்பு. மண்டோர் இரண்டு தடவையும் துரத்தப்பட்ட பிறகுதான் பூட்டு விழுந்தது. மணி ஏழரை.

எந்தக் கேட்டுக்குப் பயந்து முடிவைப் பார்க்காமல் ஓடிவந்தோமோ, அந்தக் கேட்டே முடிவு தெரியும்வரை திறந்து கிடந்தது.

கடைசிவரை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எங்களிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் அந்தப் பெண் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.