செருப்புத் தொலைந்த ஆடி வெள்ளி

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்குக் கூடும் அக்காமார்களே, தங்கச்சிமார்களே, முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். போன வருடம் ஆடி மாதம் "உங்க வீட்டுக்காரர எங்க காணோம்?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "ஊருக்குப் போயிருக்காரு" என்றேன். அவர் ஊருக்குப் போகவில்லை. இங்கேயே, சாங்கி சிறையில் இருந்தார்.

என் வீட்டுக்காரர் முருகையன் துவாஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். ஆனி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட வேலை செய்யும் சேகரோடு ஷிப்ட் விஷயமாகச் சண்டை. பத்துப் பேர் பார்க்கக் கத்தியிருக்கிறார். அன்று மத்தியானம் சேகர் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கீழே விழுந்து கிடந்தார். கை எலும்பு முறிந்து, தலையில் அடி. பக்கத்தில் நின்றது இவர். எப்படி விழுந்தோம் என்றே சேகருக்கு நினைவில்லை. போலீஸ் இவரை விசாரணைக்குக் கூட்டிப்போனது. இரண்டாவது நாள் கோர்ட்டில் பலத்த காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. ஜாமீன் தொகைக்கு எனக்கு வசதியில்லை, நிற்கச் சொந்தக்காரர்கள் யாரும் முன்வரவில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. வீட்டில் நான் ஒருத்தி.

சிறைத்தண்டனை வருடக்கணக்கில் போகலாம், ரோத்தானும் உண்டு என்று யாரோ சொன்னார்கள். பிரம்படியைத்தான் நாம் ரோத்தான் என்போம். அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து எதிலும் புத்தி நிற்கவில்லை. தோ பாயோவில் குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறேன். கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் நிற்பேன். லிப்ட் எங்கள் மாடியில் நின்றால் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போடுவேன். கீழே தபால் பெட்டியைத் திறக்கப் பயந்து ஒரு வாரம் திறக்காமலே விட்டேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இவர் அடித்திருப்பாரோ என்ற பயம்.

நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்கு நுனியில். ஒருமுறை தேக்கா மார்க்கெட்டில், மீன் வாங்கும் வரிசையில் முந்திய ஆளின் சட்டையைப் பிடித்தவர். சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "கலா, நான் அவன் மேல கை வைக்கல" என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் பஸ் முழுக்க அந்தச் சட்டைதான் கண் முன்னால் இருந்தது.

வக்கீல் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. வக்கீல் என்றால் கோட்டுப் போட்ட பணக்காரர் விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல் அம்மன்தான்.

இரண்டாவது ஆடி வெள்ளி. லிட்டில் இந்தியாவில் நம் கோயில் வாசலில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். எலுமிச்சை விளக்கு ஏற்றிவிட்டு, "அம்மா, எனக்குப் பேசத் தெரியாது. எனக்காகப் பேச யாரையாவது அனுப்பு" என்று அழுதேன். வேறெதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம்.

எனக்கு வந்ததே கோபம். கோயிலில் செருப்புத் தொலைந்தால் பீடை விட்டது என்பார்கள். அந்த நேரத்தில் அதெல்லாமா தோன்றும்? "ஆள் அனுப்புன்னா செருப்பத் தூக்க ஆள் அனுப்புறியா?" என்று அம்மனையே திட்டினேன். திட்டிக்கொண்டே செருப்பு அடுக்கை ஒவ்வொரு தட்டாகத் தேடி, கடைசியில் குனிந்து சுவரோரம் பார்த்தேன். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள். குற்றம் சாட்டப்பட்டு வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களும், சிறையில் இருப்பவர்களும் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று தமிழில் அச்சடித்திருந்தது. எத்தனை வருடமாக அந்த இடத்தில் செருப்பைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஒருநாளும் அதை வாசித்ததில்லை.

வெறுங்காலோடு அந்தத் தாளின் முன்னாலேயே நின்று இரண்டு முறை படித்தேன். தரை சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் மாலை, தாளில் சொன்ன சமூக மன்றத்துக்குப் போனேன். அங்கிருந்த தொண்டூழியர் விண்ணப்பப் பாரத்தை நிரப்பித் தந்தார். எங்கள் வருமானத்தைப் பார்த்து விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். பத்து நாளில் ஒரு வக்கீலை நியமித்தார்கள். தஞ்சோங் பகாரில் அலுவலகம். போய்ப் பார்த்தால் இருபத்தெட்டு வயதுப் பெண். தர்ஷினி என்று பெயர். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பமாம். "தமிழ் கொஞ்சம் வீக், ஆன்ட்டி. சாரி" என்றாள். எனக்கு உள்ளே இடிந்துவிட்டது. இந்தப் பிள்ளையா என் புருஷனுக்காகப் பேசப்போகிறது?

அவள் சிறைக்குப் போய் இவரைப் பார்த்தாள். போலீசில் இவர் கொடுத்த வாக்குமூலத்தின் நகலும் கைக்கு வந்தது. ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஆன்ட்டி, அங்கிள் அடிக்கலன்னுதான் என்கிட்ட சொல்றாரு. பட் ஸ்டேட்மெண்ட்ல அவரே சொல்லியிருக்காரு, 'ஐ ஹிட் ஹிம் த்ரீ டைம்ஸ்'. மூணு தடவை. கையெழுத்தும் போட்டிருக்காரு."

பயந்தது நடந்துவிட்டது. அவர் அடித்திருக்கிறார். என்னிடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, லிப்ட் வரைக்கும் கூடவே வந்தாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் பயம்.

"வீட்டுக்குப் போனதும் என்னை அடிங்க ஆன்ட்டி. மறக்காம அடிங்க."

அவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'என்னை அடிங்க'ன்னா கையால அடிக்கிறதும்மா. போன் பண்ணச் சொல்றதுன்னா 'எனக்கு அடிங்க'ன்னு சொல்லணும்."

"ரெண்டும் சேம் வேர்டா ஆன்ட்டி?"

"ஒரே வார்த்தைதான். அவர..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டேன். அவரை அடிச்சேன். அவருக்கு அடிச்சேன். இங்கிலீஷில் இவர் சொன்னால் இரண்டும் 'ஐ ஹிட் ஹிம்'தான்.

இவருடைய இங்கிலீஷ் எப்படி என்று எனக்குத்தானே தெரியும். எல்லாவற்றையும் தமிழிலிருந்து அப்படியே தூக்கிப் போடுவார். மாத்திரை சாப்பிட்டதை டாக்டரிடம் "ஐ ஈட் மெடிசின்" என்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். வேண்டாம், இங்கிலீஷ் தெரியும் என்று வீறாப்பாகச் சொன்னது இவர்தான். யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

"அடுத்த வரி என்னம்மா? அதுக்கு அடுத்த வரி?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். லிப்ட் வந்து, திறந்து, மூடிப் போய்விட்டது. உள்ளே ஓடிப்போய்த் தாளை எடுத்து வந்தாள். "'ஹீ டிட் நாட் ஆன்சர். ஸோ ஐ வென்ட் டவுன் டு லுக் ஃபார் ஹிம்'" என்று வாசித்தாள்.

"அடி வாங்குறவன் எதிர்ல இருந்தா, எதுக்கும்மா கீழ போய்த் தேடணும்?" என்றேன்.

மறுநாள் அவள் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு சிறைக்குப் போனாள். இந்த முறை தமிழிலேயே கேட்டார்கள். லாரி வந்துவிட்டது என்று சொல்ல சேகருக்கு மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை, தேடிப் போனேன், விழுந்து கிடந்தார் என்று சொல்லியிருக்கிறார். அவள் அதை எழுதி அரசுத் தரப்புக்கு அனுப்பினாள். போன்களைச் சோதித்தார்கள். சேகருடைய போனில் மூன்று மிஸ்டு கால். மூன்றும் இவருடையது. நாலு நிமிடம் கழித்து ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் இவர் போன்தான்.

புரட்டாசி தொடங்கிய வாரம் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கோர்ட்டில் சொன்னது எனக்குப் பாதி புரியவில்லை. தர்ஷினி திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அது புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பேச ஆள் கேட்டேன். தமிழ் சரியாகப் பேச வராத பெண்ணை அம்மன் அனுப்பினாள். சரளமாகப் பேசுகிறவள் வந்திருந்தால் "எனக்கு அடிங்க" என்று சரியாகச் சொல்லியிருப்பாள். நானும் சரி என்று லிப்ட் ஏறிப் போயிருப்பேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தாளின் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. உங்களில் யாருடைய மகனோ கணவரோ உள்ளே இருந்தால், ஊருக்குப் போயிருக்கிறார் என்று என்னைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தால், எனக்குத் தெரியும், அந்தப் பயம் எப்படி என்று. அம்மனிடம் அழுங்கள். அழுதுவிட்டு எழுந்து வந்து அந்தத் தாளையும் படியுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் கூட வருகிறேன். என் செருப்பை எடுத்தவர் இங்கே இருந்தால், திருப்பித் தர வேண்டாம், நன்றாக இருங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அவரைச் சந்தேகப்பட்டதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. வீட்டில் எத்தனையோ முறை வாயெடுத்தும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதி இங்கே வாசிக்கிறேன். ஆண்கள் பக்கம், தூணுக்குப் பக்கத்தில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

என்னங்க, உங்களத்தான். நீங்க அடிச்சிருப்பீங்கன்னு நான் நினைச்சுட்டேன். மன்னிச்சிருங்க.