ஏகாம்பரத்தின் ஈரல்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் கஸ்தூரியின் வீட்டில் சாப்பாடு. நல்ல கறிக்குழம்பு. பாதிச் சாப்பாட்டில் அவள் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு உள்ளே வந்தார். வாசனை அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திட்டத் தொடங்கினாள். "எங்கப்பா குடிச்சுக் குடிச்சே ஈரல் கெட்டுப் போயி செத்தாரு. நாப்பது வயசு கூட ஆவல. அதே மாதிரி நீங்களும் போய்ச் சேரணுமா? பெரிப்பா, நீங்களாவது சொல்லுங்க இவருக்கு!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரசம் ஊத்தும்மா" என்றேன்.

பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தில் முனிசிபாலிட்டியைத் திட்டியிருக்கிறேன். பஸ் கண்டக்டர்களைத் திட்டியிருக்கிறேன். வாய் நீளம் என்று நீங்களே கடிதம் போடுகிறீர்கள். அந்த வாய்தான் அன்று ரசம் கேட்டது.

விஷயம் இதுதான் — என் தம்பி ஏகாம்பரம் குடித்ததே இல்லை.

குடித்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். சாராயக்கடைகள் திறந்திருந்த சமயம். எனக்குக் களம்பூர் ரைஸ் மில்லில் வேலை. சனிக்கிழமையானால் அங்கேயே ஊற்றிக்கொண்டு, வீட்டில் வாசனை தெரியாமலிருக்கப் பாக்கை மென்றுகொண்டு ஆரணி பஸ் ஏறுவேன். ஏகாம்பரத்துக்குப் பட்டு நெசவு. காலையில் தறிக்குழியில் காலை விட்டால் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்திருப்பான். டீக்கடைக்குக்கூடப் போகமாட்டான். யாராவது அதட்டினால், தப்பு யாருடையது என்றே பார்க்காமல் "சரிங்க" என்று சொல்லிவிடுகிற ரகம்.

அவனுக்குத்தான் கண் மஞ்சளானது. கால் வீங்கியது. வயிறு பானை மாதிரி உப்பியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளூர் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா தண்ணி போடுறாரு?" என்று என்னைக் கேட்டார். அவனைக் கேட்கவில்லை.

அப்படி ஒரு வயிற்றுக்கு அன்றைய ஆரணியில் ஒரே அர்த்தம்தான்.

நான் வீட்டைக் குடைந்தேன். தறிக்குழி, டிரங்குப் பெட்டி, விறகு அடுக்கு... ஒரு பாட்டில்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததே எனக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கிறான் பார்! நான் ஒளிக்கிறவன் அல்லவா? எனக்கு அப்படித்தான் தோன்றும்.

"எங்க போய்டா குடிக்கிற? உண்மையச் சொல்லு!"

"நான் எங்கண்ணா குடிச்சேன்? தறியிலதான குந்திகினு இருக்கேன்..."

நம்புவேனா? படவேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் குடிகாரனைத் திருத்த அதுதான் கடைசி வழி — ரேணுகாம்பாள் சன்னதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம். வீங்கின காலோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். கற்பூரத்தை ஏற்றியதும் மெதுவாகக் கேட்டான்.

"பண்ணாத தப்புக்கு இன்னாண்ணா சத்தியம்?"

"பண்ணுடா!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிண்ணா" என்றான். எரிகிற கற்பூரத்தில் அடித்து, குடியை விட்டுவிட்டேன் என்று அம்மன் முன்னால் சொன்னான்.

அந்த வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர். படவேட்டிலிருந்து அப்போதெல்லாம் பஸ் குறைவு. எல்லாரும் ஒன்றாகக் காத்திருந்து ஒரே பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும். ஆரணியில் இறங்குவதற்குள் ஏகாம்பரம் குடிகாரன் என்று முடிவாகிவிட்டது. குடிக்காதவன் எதற்காகச் சத்தியம் பண்ணுகிறான்?

சத்தியம் பண்ணியும் வயிறு இறங்கவில்லை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' இருக்கிறது என்றார்கள். ஆரணியை விட்டு அதிகம் நகராதவன் ரத்தத்தில் ஆஸ்திரேலியா! ஈரலில் குடியேறுகிற ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளத்துக்கு அப்படிப் பெயராம். என் ரத்தத்தையும் சோதித்தார்கள். எனக்கும் இருந்தது. அனேகமாக அம்மாவிடமிருந்து, பிறக்கும்போதே இருவருக்கும் வந்திருக்கும் என்றார் டாக்டர்.

"அப்போ எனக்கு ஏன் சார் ஒண்ணும் ஆவல? நான் குடிக்கிறவன் வேற..."

வாய் தவறி வந்துவிட்டது. தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தலை நிமிரவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இந்த வைரஸ் தானா ஈரலைத் தின்னாதுங்க. உள்ள சும்மா குடியிருக்கும். உங்க உடம்பு அதைக் கண்டுக்கவே இல்லை. அதனால ஈரல் நல்லா இருக்கு. உங்க தம்பி உடம்பு கண்டுபிடிச்சிடுச்சு. கிருமி இருக்கிற ஈரல் செல்லையெல்லாம் அடிச்சுக் கொல்லுது. ஆனா கிருமி தீரலை. வருஷக்கணக்கா அதே சண்டை. அடி விழுந்த இடமெல்லாம் தழும்பு. இப்போ ஈரல் பூரா தழும்புதான்."

"நிறுத்த முடியாதா சார்?"

"இன்னைக்கு எங்ககிட்ட அதுக்கு வழி இல்லைங்க."

கேட்டீர்களா? ஊரோடு சண்டைக்கு நிற்கிற என் உடம்பு, உள்ளே வந்தவனோடு ஒத்துப்போய்விட்டது. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஏகாம்பரத்தின் உடம்பு, அவனுக்கே தெரியாமல் விடாமல் சண்டை போட்டிருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்று சொல்லி இன்று டானிக் விற்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் தம்பியின் ஈரலைத் தீர்த்தது அவனைக் காப்பாற்றக் கிளம்பிய சக்திதான். நானும் அவனைக் காப்பாற்றத்தானே படவேட்டுக்கு இழுத்துப் போனேன்?

ஆஸ்பத்திரி வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"வுடுண்ணா. ஊரு இன்னா வேணா சொல்லிகினு போவட்டும்" என்றான். "கஸ்தூரிகிட்ட மட்டும் சொல்லிடு. ஸ்கூல்ல கேலி பண்றாங்கன்னு தெனம் சண்டை போட்டுகினு வருது. நீ சொன்னா நம்பும்."

சொல்கிறேன் என்றேன். மூன்று மாதத்தில் போய்விட்டான்.

இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்... இரண்டு வருஷம் ஓடியது. கஸ்தூரிக்குச் சேத்துப்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. நான் தயாராகிவிட்டேன். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, மெட்ராஸ் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தம்பியின் பெயரை அன்றோடு மீட்டுவிடுவது என்று முடிவு. தம்பி மனைவி சரசா சமையலறையில் என்னை மடக்கினாள்.

"அந்தக் காயிதத்த வெளிய எடுக்காதீங்க மாமா. குடின்னா அவரோட போச்சு. ரத்தத்துல கிருமின்னா பொண்ணுக்கும் இருக்குதான்னு கேப்பாங்க. இருக்குதா இல்லியா, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பல வருஷம் கழித்து, பிரசவத்துக்குப் போனபோது சோதித்ததில் அவளுக்கு இல்லை என்று வந்தது. அன்று யாருக்குத் தெரியும்?

மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார். "உங்க தம்பிக்குப் பழக்கம் இருந்துச்சுன்னு சொன்னாங்க..."

"இருந்துச்சுங்க" என்றேன். "அப்புறம் படவேட்டுல சத்தியம் பண்ணி வுட்டுட்டான்."

"அப்போ நல்ல மனுஷன்தான்" என்று அவர் திருப்தியாகக் காபியைக் குடித்தார். அவருடைய பிள்ளைதான் போன ஞாயிறு தள்ளாடிக்கொண்டு வந்தவர்.

காபித் தட்டோடு கஸ்தூரி பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஊரே சொன்னபோதும், எங்கப்பா குடிக்க மாட்டார் என்று தெருவில் எல்லோரிடமும் மல்லுக்கு நின்ற பெண். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அந்தச் சண்டையை யாரிடமும் போடவில்லை.

சரசாவும் இப்போது இல்லை. மறைக்க எனக்கு இனிக் காரணம் ஒன்றும் கிடையாது; நேரில் சொல்லத்தான் தைரியம் கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்தை வாராவாரம் முதலில் படிப்பவள் கஸ்தூரி.

உங்கப்பா ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை, கண்ணு.