வட்டையை வடையாக்கிய விசைப்பலகை

வெசாக் விடுமுறையில் மட்டக்களப்புக்குப் போனேன். புது எட்டு அங்குல டாப்லெட்டுக்குப் பேனா வாங்குவதா, மடக்கு விசைப்பலகை வாங்குவதா என்ற குழப்பமும் கூடவே வந்தது. இரண்டையும் தங்கையிடம் இரவல் வாங்கியிருந்தேன்.

முதல் நாள் வாவிக்கரையில் விசைப்பலகைதான் வென்றது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம். பேனாவால் அரைப் பக்கம்தான், விரலும் உளைந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டோவில் வவுணதீவு. எண்ணூறு ரூபாய். முன்பு என்னோடு வேலை செய்த கமலா அக்கா அங்கே விவசாயிகளின் கமக்காரர் சங்கத்துக்குச் செயலாளர். வயல் படங்கள் போடுவதற்காக என்னையும் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்.

வயல்வெளியை அங்கே வட்டை என்பார்கள். அன்று பின்னேரம் மேல் வட்டைக்குத் தண்ணீர் திறப்பதாக இருந்தது. கீழ் வட்டையில் உரம் போட்டிருந்தார்கள்; வரம்பில் தண்ணீர் நுழையும் வக்கடையை அடைக்காவிட்டால் உரம் கரைந்து போய்விடும். அக்காவின் கைபேசியில் சார்ஜ் இல்லை. அவர் சொல்ல, அவர் பெயரில் நான் டாப்லெட்டில் தட்டச்சு செய்து குழுவுக்கு அனுப்பினேன். பரிந்துரை அகராதிக்கு வட்டை தெரியாது என்பதைக் கவனிக்கவில்லை.

“இன்று மூன்று மணிக்கு மேல் வடைக்குத் தண்ணீர். கீழ் வடைக்காரர் வக்கடையைக் கட்டவும்.”

பதில்கள் பறந்தன. “வடைக்குத் தண்ணியா, தேத்தண்ணியா அக்கா?” “சம்பல் இல்லையோ?” “கூட்டம் எங்க? வாறன்.”

“என்னகா எழுதி விட்டாய்?” என்றார் அக்கா, உரிமையோடு பேசும்போது அந்த ஊரார் சேர்க்கும் ‘கா’வோடு. “உரம் போட்ட சனம் சிரிச்சிக்கொண்டு நிக்குது. தண்ணி நிண்டு கேட்டுட்டா வரும்?”

திருத்தினேன், இடைவெளி தட்டியதும் மறுபடி வடை. பேனாவால் எழுதினேன், கையெழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும்போது அதுவும் வடையையே நீட்டியது. கடைசியில் மாற்றாமல், கையெழுத்தைப் படமாகவே வைத்துக்கொண்டேன். அதன் கீழே வரைந்தேன்: மேல் வட்டை, கீழ் வட்டை என இரண்டு கட்டம், நடுவில் வாய்க்கால், கீழ்க் கட்டத்தின் வாயில் ஒரு பெருக்கல் குறி. அனுப்பினேன்.

இரண்டே முக்காலுக்குக் குரல் பதிவு வந்தது: “ஓம் அக்கா, விளங்கிற்று. எல்லாரும் கட்டிப்போட்டம்.” நாலு மணிக்கு வரம்பில் நின்று பார்த்தோம். தண்ணீர் கீழ் வட்டைக்குள் நுழையவில்லை. அக்கா அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

இப்படிப் போகிறவர்களுக்கு: மேசை கிடைக்கும் பயணமென்றால் விசைப்பலகை நல்லது, புறப்படும் முன்பே சொற்பரிந்துரையை நிறுத்திவிடுங்கள். வரம்பில் நின்றபடி எழுதப் பேனாதான் வசதி. ஆனால் கையெழுத்துக் குறிப்பைப் பிறகு தேடி எடுப்பது சிரமம், தலைப்பையாவது தட்டச்சில் போடுங்கள்.

நான் பேனாவையே வாங்கினேன். போன வாரம் அக்கா அழைத்தார்.

“இண்டைக்குக் கீழ் வட்டைக்குத் தண்ணிகா. அந்தப் பெருக்கல் குறிய மட்டும் மேல மாத்தி அனுப்பு.”