பக்கத்துத் தோப்புக்குக் கேட்காத வாக்கிடாக்கி

மனைவி தைலம்மாள் இறந்த மறுவருஷம், செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்புக்குக் காவலாளாகப் போனேன். செல்போனில் சிக்னல் எடுக்காது. சில நாள் என் குரலே எனக்குக் கேட்காமல் பொழுது போய்விடும்.

பக்கத்துத் தோப்பில் சேத்தூர்க்காரர் ஒருவர் காவல் இருந்தார். அவருடைய முதலாளி லைசென்ஸ் எடுத்து இரண்டு வாக்கிடாக்கி வாங்கியிருந்தார். அதில் ஒன்று உடைந்து, மற்றது சும்மா கிடந்தது.

"இன்னொண்ணு கெடச்சா, யானை எறங்குனா சொல்லிக்கிடலாம் அண்ணாச்சி" என்றார்.

ராஜபாளையத்தில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. தோப்புக்குக் கொண்டுவந்து பட்டனை அழுத்தி, "சாப்பிட்டாச்சா?" என்றேன். பதிலே இல்லை. நான்கு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, திரும்பவும் பஸ் ஏறினேன்.

ரிப்பேர் கடையில் ஒரு பெண் இருந்தார். பேட்டரியைக் கழற்றி உள்ளே பார்த்தார். லேபிளில் எழுத்து தேய்ந்திருந்தது.

"ஆன்டெனா குட்டையா இருக்கு. யுஹெச்எஃப் அலைவரிசையாத்தான் இருக்கும். ஆனா மாத்தி மாட்டியிருந்தா ஏமாந்துருவோம்" என்றவர், ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்தார். "நானூறுலருந்து நானூத்தி எழுவது மெகாஹெர்ட்ஸ். அவிய செட்டுல என்ன போட்டிருக்கு?"

சேத்தூர்க்காரர் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதித் தந்த சீட்டை நீட்டினேன். நூற்று முப்பத்தாறு முதல் நூற்று எழுபத்துநாலு.

"அது விஹெச்எஃப், வேற அலைவரிசை. ரெண்டும் எம்புட்டுக் கிட்டக்க இருந்தாலும் கேக்காது. லைசென்ஸும் அவியளுக்குத்தான, நீங்க பேசவும் கூடாது" என்றார். பிறகு, "யாருகிட்ட பேசணும், அவசரமா?" என்று கேட்டார்.

"அவசரமெல்லாம் இல்லம்மா" என்றேன். அந்தப் பெண்ணுக்குத் தைலம்மாள் வயதுதான் இருக்கும் என்று தோன்றவும், அவள் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் சேத்தூர்க்காரர் சிரித்தார். "அதுக்கென்ன, சாயங்காலம் செத்த நேரம் வேலிப்பக்கம் வாங்க."

காய்ப்பறிப்பு முடியும்வரை தினமும் போனேன். அவர் மகளுடைய சண்டை, என் மனைவி வைக்கும் குழம்பு என்று பேச்சு ஓடும். பறிப்பு முடிந்ததும் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். "அங்க மழை உண்டுமா?" என்றார். உண்டு என்றேன். குரல் தெளிவாகத்தான் கேட்டது. ஆனாலும் இரண்டு பேருக்கும் அடுத்த பேச்சு வரவில்லை.